படகேறிய பெயர்கள்

ஒரகடம் கூட்டுரோட்டில் டிரெய்லர் டயர் பஞ்சர். மேலே என் பாய்மரப் படகு. சுற்றிலும் கண்டெய்னர் லாரிகளின் ஓயாத ஹாரன். கோவளம் போய்க் கடலில் தனியாக மிதந்தால்தான் எனக்கு மனசு அடங்கும். இங்கேயோ ஷிப்ட் முடிந்த கூட்டம் படகோடு செல்பி எடுக்கிறது.

"இன்னாத்துக்கு சார் ஒண்டியா கடலுக்கு?" பஞ்சர் கடைக்கார அம்மா விடாமல் கேட்கிறார்.

"சாமி கும்பிடுற மாதிரின்னு வெச்சுக்கங்க," என்று எரிந்து விழுகிறேன். அதுதான் நான் செய்த தப்பு.

சட்டென்று செருப்பைக் கழற்றிவிட்டு, கடைக்குள்ளிருந்து கற்பூரப் பொட்டலம் எடுத்து வந்து நீட்டுகிறார். "எம் பொண்ணு செல்விக்கு ஒடம்பு முடியல. அவ பேரச் சொல்லி கரையில ஏத்திடு சார்."

கூட்டமும் செல்போனைப் பையில் போட்டுவிட்டு, ஆளாளுக்கு ஒரு பெயர் சொல்கிறது.

டயர் மாட்டியாயிற்று. இனி எங்கே தனியாகப் போக? ஒன்றும் விட்டுப்போகக் கூடாதே என்று வழி நெடுக முணுமுணுத்துக்கொண்டே ஓட்டுகிறேன்: செல்வி, ஸ்டீபன், கோமதி, செல்வி...