கடைசியாகத் திறந்த ஃபைல்

ஒரு சனிக்கிழமை காலை, பிச்சாவரத்தில் ஒரு மீன் வியாபாரி வீட்டில் பிரிண்டரைப் பிரித்துப் போட்டிருந்தேன். கையெல்லாம் மை. போன் அடித்தது. சிதம்பரத்திலிருந்து கோமதி அக்கா.

"தம்பி, நேத்து என் கம்ப்யூட்டர்ல என்னா பண்ணிட்டுப் போன? ஃபைலைக் காணும்."

கோமதி அக்கா கீழ வீதியில் தன் வீட்டிலேயே ஆய்வேடு டைப் செய்து கொடுப்பவர். காணாமல் போனது லால்பேட்டையைச் சேர்ந்த ஷகிலா என்ற ஆராய்ச்சி மாணவியின் ஆய்வேடு. மூன்று வார வேலை. திங்கட்கிழமை காலை அந்தப் பெண் அதைத் தன் கைடிடம் கொடுத்தாக வேண்டும். ஏற்கெனவே ஒரு முறை தேதி தள்ளி வாங்கியிருந்தாள். இனி தள்ள முடியாது.

அதில் என் தவறு என்ன என்று சொல்ல, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1. முதுநகர் வீடு

நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். படகில் ஐஸ் பெட்டி ஏற்றினேன். புதுச்சேரியில் லேத்தில் நின்றேன். திருப்பூரில் இரண்டு கம்பெனி மாறினேன். எங்கும் ஒரு வருஷம் தாண்டியதில்லை. கடைசியில் கடலூரில் ஒரு சர்வீஸ் கடையில் தரை கூட்டப் போய், அங்கேயே ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கக் கற்றேன். இன்று ஒரு பையும் பைக்கும்தான் என் கடை. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் யார் கூப்பிட்டாலும் வீட்டுக்கே போவேன்.

தொழிலுக்கு வந்த புதிதில் கடலூர் முதுநகரில் ஜங்ஷன் பக்கம் ஒரு வீட்டில் கீபோர்டு மாற்றினேன். வேலை முடிந்ததும் வீட்டுக்காரர், கல்யாண போட்டோ திறக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். ஃபோல்டர் ஐகானை அழுத்தினேன். போட்டோவுக்கு முன்னால் ரீசன்ட் ஃபைல்ஸ் லிஸ்ட், அதாவது கடைசியாகத் திறந்த ஃபைல்களின் பட்டியல், வந்து நின்றது. அதன் உச்சியில் 'ராஜினாமா கடிதம்' என்று ஒரு ஃபைல். வீட்டுக்காரரின் மகள் வேலையை விடப்போவதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவளுடைய தாய்மாமன்தான் முதலில் படித்தார். "என்னா மச்சான், பொண்ணு வேலைய வுடுது போல. கம்ப்யூட்டருக்குத் தெரிஞ்சது உனக்குத் தெரியலியே."

டீ கொண்டுவந்த பெண் அப்பாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். நான் கிளம்பும்போது வாசல் வரை வந்து, அந்த லிஸ்ட் வராமல் செய்ய முடியாதா என்று மட்டும் கேட்டாள்.

முடியும் என்று எனக்கு அப்போது தெரியாது. அடுத்த நாள் கடையில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும், கிளம்புவதற்கு முன் ரீசன்ட் லிஸ்டைத் துடைப்பதை ஒரு வழக்கமாகவே வைத்துக்கொண்டேன்.

2. கூட்டிப் பெருக்குதல்

எங்கள் தொழிலில் எல்லாருக்கும் ஒரு பழக்கம் உண்டு. 'கம்ப்யூட்டர் ஸ்லோவா இருக்கு' என்றால், ரன் பாக்ஸைத் திறந்து டெம்ப், பிரீஃபெட்ச், ரீசன்ட் என்று ஒவ்வொன்றாக அடித்து, வருவதையெல்லாம் செலக்ட் செய்து அழிப்போம். கடைசியாக, தேவையற்றதைத் தானே தேடி அழிக்கும் டிஸ்க் கிளீனப்பை ஓட விடுவோம். இதில் ரீசன்ட்டை அழிப்பதால் வேகம் ஒன்றும் கூடாது. ஆனால் திரை காலியாகத் தெரியும், வாடிக்கையாளர் முகம் மலரும். நான் இன்னும் ஒரு படி போய், வேர்டுக்குள் இருக்கும் லிஸ்டையும் துடைத்துவிடுவேன். யாரையும் கேட்பதில்லை. நல்லது செய்வதாக நினைப்பு.

வெள்ளிக்கிழமை கோமதி அக்கா வீட்டிலும் அதைத்தான் செய்தேன்.

அக்கா ஃபைல் திறக்கும் விதம் எனக்கு அப்போது தெரியாது. கீழே இருக்கும் வேர்டு ஐகானில் ரைட் கிளிக் செய்வார். லிஸ்டில் முதலில் இருப்பதைத் தொடுவார். டைப் செய்வார், சேவ் கொடுப்பார். எந்த டிரைவ், எந்த ஃபோல்டர் என்று அவருக்குத் தேவைப்பட்டதே இல்லை. அந்த லிஸ்ட்தான் அவருடைய அலமாரி. நான் அலமாரியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன்.

ஷகிலா முதலில் எப்படி அனுப்பினாள் என்று போனிலேயே கேட்டேன். மெயிலில் என்றார். அப்படியானால் மெயிலைத் திறந்து, அங்கே என்ன இருக்கிறது என்று பாருங்கள் என்றேன். இரண்டு நிமிஷத்தில் குரல் மாறிவிட்டது.

"அந்தப் பொண்ணு அனுப்புன தலைப்பு மட்டும்தான் தம்பி இருக்கு. அது எழுதிக் குடுத்த பேப்பரைப் பாத்து நான் அடிச்சது ஒரு வரி இல்ல."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. மெயில் பார்க்கும் பழைய அவுட்லுக்கில் வந்த அட்டாச்மென்டைக் கீழே இறக்காமல் அப்படியே திறந்து, அதிலேயே மூன்று வாரம் டைப் செய்திருக்கிறார். அப்படிச் சேவ் ஆகும் ஃபைல் மெயிலுக்குள் போகாது. தற்காலிகமாக வைக்கும், டெம்ப்பில் சேராத வேறொரு மறைவான ஃபோல்டரில் கிடக்கும். அதற்குப் போக அவருக்கு இருந்த ஒரே வழி ரீசன்ட் லிஸ்ட். டிஸ்க் கிளீனப் ஓடியிருந்தால் அந்த ஃபோல்டரையும் சேர்த்தே காலி செய்திருக்கும்.

கம்ப்யூட்டரில் எதையும் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பைக்கை எடுத்தேன். டிஸ்க் கிளீனப் ஓட்டினேனா இல்லையா? வழியில் கிள்ளை ஊர் தாண்டும்வரை யோசித்தேன், ஞாபகம் வரவில்லை. தினமும் செய்கிற வேலையில் அதுதான் தொல்லை. செய்தது எது, செய்யாதது எது என்று மனசில் நிற்பதில்லை.

3. கீழ வீதி

வீட்டில் அக்காவின் கணவர் கடைக்குப் போகாமல் நின்றிருந்தார். பூஜை சாமான் கடை வைத்திருப்பவர்.

"சுத்தம் பண்ணுன்னு சொன்னா வீட்டையே காலி பண்ணிட்டியேப்பா."

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். மறைந்திருக்கும் ஃபைல்கள் தெரியும்படி செட்டிங்கை மாற்றி, சி டிரைவ் முழுக்க வேர்டு ஃபைல்களைத் தேட விட்டேன். பச்சைக் கோடு நத்தை மாதிரி நகர்ந்தது. அக்கா பக்கத்தில் நின்று, ஷகிலாவின் போனை எடுக்காமல் இரண்டு முறை அடிக்க விட்டார். மூன்றாவது முறை எடுத்து, பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று உண்மையையே சொன்னார். அந்தப் பக்கம் அந்தப் பெண் 'சரிக்கா' என்று போனை வைத்துவிட்டாளாம். அழுதிருந்தால்கூடத் தேவலாம் என்றார் அக்கா.

வந்த ஃபைல்களைத் தேதிப்படி வரிசையாக்கினேன். மேலே, வியாழக்கிழமை தேதியில் ஒன்று நின்றது. திறந்தேன். நூற்று முப்பது பக்கத்துக்கு மேல் இருந்தது.

அக்கா கடைசிப் பக்கத்துக்குப் போகச் சொன்னார். கடைசி வாக்கியம் பாதியில் நின்றிருந்தது.

"இதுதான். குக்கர் விசில் வந்துதுன்னு எழுந்து போனேன்."

அப்போதுதான் எனக்கும் வெள்ளிக்கிழமை முழுசாக ஞாபகம் வந்தது. மழை இருட்டிக்கொண்டு வந்தது. டிஸ்க் கிளீனப் நேரம் எடுக்கும் என்று விட்டுவிட்டு ஓடியிருக்கிறேன். என் திறமை அந்த ஃபைலைக் காப்பாற்றவில்லை, சோம்பேறித்தனம்தான் காப்பாற்றியது. இதை அவர்களிடமும் மறைக்கவில்லை.

"அப்ப இனிமே மழை நாள்லயே வா," என்றார் அவர் கணவர். அக்கா சிரித்தார். அன்று அந்த வீட்டில் முதல் சிரிப்பு அது.

டி டிரைவில் ஷகிலா பெயரில் ஒரு ஃபோல்டர் போட்டு ஃபைலை அங்கே வைத்தேன். பென் டிரைவில் ஒரு காப்பி. பிறகு வேர்டு லிஸ்டில் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் குண்டூசி மாதிரி இருக்கும் 'பின்' அடையாளத்தை அழுத்திக் காட்டினேன். பின் குத்தியது லிஸ்டை விட்டுப் போகாது. வேண்டாத ஒன்றை மட்டும் எடுக்க வேண்டுமானால், அதன் மேல் ரைட் கிளிக் செய்து அதை மட்டும் எடுக்கலாம். முழுவதையும் துடைக்க வேண்டியதில்லை. இவ்வளவுதான் விஷயம். முதுநகர் பெண்ணுக்கும் இது போதுமாக இருந்திருக்கும்.

ஞாயிறு முழுக்க அக்கா மீதியை அடித்தார். திங்கட்கிழமை மத்தியானம் எனக்கு மூன்றே வார்த்தையில் ஒரு மெசேஜ் வந்தது: 'கைடு வாங்கிக்கிட்டார் தம்பி.'

அதன் பிறகு கீழ வீதியில் இன்னும் இரண்டு டைப்பிங் வீடுகளுக்கு அக்காவே என்னை அனுப்பினார். அனுப்பும்போது, "கேட்டுட்டுத்தான் கை வைப்பான்" என்று சொல்லித்தான் அனுப்புகிறாராம்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். வீட்டுக் கம்ப்யூட்டரில் எது குப்பை என்று நமக்குத் தெரியாது. நான் இப்போது நாற்காலியில் உட்காருவதற்கு முன் மவுஸை அவர்கள் கையில் கொடுத்து, நேற்றுச் செய்த வேலையைத் திறந்து காட்டச் சொல்கிறேன். அவர்கள் கை எந்தப் பக்கம் போகிறது என்று பின்னால் நின்று பார்க்கிறேன். அந்த வழியை மட்டும் விட்டுவிட்டு மற்ற இடத்தைப் பெருக்குகிறேன்.