கால் அவிழ்த்த சேவல்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில், மலாயாவின் சிலிம் ரிவரிலிருந்து ஐந்து மைல் உள்ளே இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் கணக்கெழுதும் சின்னக் கிராணியாக இருந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஓராண்டு ஆகவில்லை. விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவதும், பால் வெட்ட யாருக்கு எந்த நிரை மரம் என்று எழுதிக்கொள்வதும் என் வேலை. நிரையைச் சொல்பவர் கங்காணி. அவர் சொன்னதை மாற்றி எழுத எனக்கு அதிகாரம் இருந்தது; மாற்றியதில்லை. ஆட்களில் பெரும்பாலோர் அவர் ஊரிலிருந்து கூட்டிவந்தவர்கள். கோபித்துக்கொண்டு அவர்களோடு வேறு தோட்டத்துக்குப் போய்விட்டால் பாதிக் காடு பால் வெட்டாமல் கிடக்கும். துரைக்கே அந்தப் பயம் உண்டு.

ஆட்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளின் நடுச்சுவர் கூரைவரை எட்டாது. ஒரு வீட்டில் இருமினால் ஐந்தாவது வீட்டில் கேட்கும். அதனாலோ என்னவோ, முக்கியமான எதையும் அங்கே வாயால் சொல்லமாட்டார்கள். சொல்லாமல் வேறு தோட்டத்துக்கு ஓட நினைக்கிறவர்கள் அம்மியைப் பக்கத்து வீட்டு வாசலில் கொண்டுபோய் வைப்பார்கள். சண்டை தீர்ந்தவள் மற்றவளுடைய வாளியையும் சேர்த்துக் கழுவி வைப்பாள். இவற்றையெல்லாம் படிக்கக் கற்றுக்கொண்டுவிட்டதாக நினைத்திருந்தேன்.

மழை விட்ட ஒரு காலை, இருபது வயதுப் பெண் ஒருத்தியின் நிரையைக் கங்காணி மாற்றினார். சதுப்பை ஒட்டிய கடைசி நிரை. பக்கத்தில் வேறு ஆள் கிடையாது. மேற்பார்வைக்கு அவர் மட்டும் தனியாகப் போவார். முன்பு அந்த நிரைக்குப் போன பெண் என்ன ஆனாள் என்பது களத்தில் நின்ற எல்லோருக்கும் தெரியும். நான் பெயரை எழுதி முடிக்கும்வரை பெண்கள் வரிசையில் யாரும் வெற்றிலை மெல்லவில்லை.

மறுநாள் அவள் புருஷன் பெண்கள் வரிசையில் அவளுக்குப் பின்னால் போய் நின்றான். 

"டேய், வந்ததுதான் வந்தே, சேலை கட்டிக்கிட்டு வந்திருக்கலாம்ல?" என்றார் கங்காணி. சிரிப்பு எழுந்தது. அவன் ஆண்கள் பக்கம் திரும்பிப் போனான்.

அன்று அந்த நிரையின் கடைசி முப்பது மரங்களில் பால் பிடிக்கும் மங்குகள் கவிழ்த்தபடியே கிடந்தன. அவள் அந்த மூலைக்கே போகவில்லை. "சோம்பேறிக் கழுதை, அரைப்பேரு போடுங்க கிராணியாரே" என்றார் கங்காணி. போட்டேன். அவளுக்கு அரை நாள் கூலி போனது.

சாயங்காலம் அவள் ஆபீஸ் ஜன்னலருகே வந்து நின்றாள்.

"ஐயா, அந்தப் பக்கம் அட்டை ஜாஸ்தியா இருக்கு."

"அட்டை எல்லா நிரையிலும் இருக்குத்தானே?"

"இருக்குங்க. அதுங்க கடிச்சா உப்புப் போட்டு எடுத்துடலாம்."

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு லயத்துப் பக்கம் போனாள்.

அவள் கேட்டது எனக்குப் புரிந்தது. மறுநாள் மரம் எண்ணும் சாக்கில் குடையும் நோட்டுமாகக் கடைசி நிரைக்குப் போனேன். கங்காணி மதகுவரை வந்தார், என்னைப் பார்த்தார், திரும்பினார். அவள் எல்லா மரத்திலும் பால் வெட்டினாள். மூன்று காலை இப்படிப் போனது. மூன்றாம் நாள் ஆபீஸ் படியில் ஒரு கட்டு முருங்கைக்கீரை இருந்தது. நாளைக்கும் வரவேண்டும் என்று அதற்கு அர்த்தம்.

சனிக்கிழமை மாலை கங்காணியின் ஆள் ஒருவன் என் வீட்டுக்கு ஒரு சேவலைக் கொண்டுவந்தான். கால்கள் நாரால் கட்டப்பட்டிருந்தன. கங்காணி வளர்த்த சிவப்புச் சேவல். அதன் கரகரத்த கூவலைத் தோட்டமே அறியும். "அண்ணே குடுத்தாரு" என்று படிக்கட்டில் வைத்துவிட்டுப் போனான்.

திருப்பிக் கொடுத்துவிடுவது என்றுதான் முடிவு செய்தேன். நேரில் போய்க் கொடுக்கத் தைரியம் வரவில்லை. திங்கட்கிழமை பார்க்கலாம் என்று விட்டேன். அது கிடந்து துடித்தது. நாரை அறுத்துவிட்டு ஒரு பிடி அரிசி போட்டேன். யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டில், அறுத்துச் சமைக்காத கோழி வாங்கிக்கொண்ட கோழி ஆகாது.

ஞாயிற்றுக்கிழமை அவள் என் வீட்டோரக் குழாய்க்குக் குடத்தோடு வந்தாள். முற்றத்தில் சேவல் அரிசி கொத்திக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தாள். பிறகு கட்டில்லாத அதன் கால்களைப் பார்த்தாள். குடத்தை நிரப்பாமலே எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

திங்கள் பெரட்டில் பெயர் கூப்பிடும்போது என் வீட்டுப் பக்கமிருந்து சேவல் கூவியது. கங்காணி என்னைப் பார்க்கவில்லை. மற்ற எல்லோரும் பார்த்தார்கள். புருஷன் ஆண்கள் வரிசையில் தன் இடத்தில் நின்றான். கங்காணி கடைசி நிரையைச் சொன்னார், நான் எழுதினேன்.

சேவலைக் கொடுத்துவிட்டு நிரைக்குப் போகலாம் என்று வீட்டுக்கு ஓடினேன். அது பிடிகொடுக்கவில்லை. முற்றத்தைச் சுற்றிச் சுற்றித் துரத்தினேன். ஆபீஸ் கூட்டும் அக்கா துடைப்பத்தோடு வந்து நின்றார்.

"இப்ப புடிச்சு என்னங்க பண்ணப் போறீங்க?"

"திருப்பிக் குடுக்கப் போறன். நான் அதை வெட்டேல்லைத்தானே, அக்கா."

"கட்டுன காலோட கெடந்தாத்தான் திருப்பலாம். அவுத்துவிட்டா அது ஒங்க சேவலு. வெட்டுனா என்ன, வளத்தா என்ன? லயம் பூரா தெரிஞ்சுபோச்சு." சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்துக் கூட்டத் தொடங்கினார்.

சேவலைப் பிடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தபோது வெயில் ஏறியிருந்தது. புருஷன் அவளைத் தோட்டத்தில் மருந்து போடும் டிரெசரிடம் நடத்திக்கொண்டு போனான். இடது கையில் கட்டு. துணி முழுக்க இரத்தம்.

"உளி வழுக்கிருச்சுங்க" என்றாள் அவள், நான் கேட்காமலே.

சேவலைக் கீழே விட்டுவிட்டு நானும் கூடவே போனேன். டிரெசர் கட்டைப் பிரித்தார். காயம் உள்ளங்கையின் குறுக்கே, ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு. "ரெண்டு தடவை வழுக்குமா?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். நான் அந்தத் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். துவைத்து, நீளமாகக் கிழித்து மடித்து வைத்த வேட்டித் துணி. பால் வெட்டப் போகிற யாரும் அப்படி ஒன்றைக் கொண்டுபோவதில்லை. புருஷன் மூலையில் நின்றான். அவன் முகத்தில் அதிர்ச்சி இல்லை.

இரண்டு விரல்கள் இனி மடங்கா என்றார் டிரெசர். இரு கையாலும் உளி பிடிக்க முடியாதவளைப் புல் எடுக்கும் பெண்களோடு போடுவது வழக்கம். அங்கே இருபது பேர் ஒன்றாக நகர்வார்கள். ஒரு கையால் பிடிக்கும் சுரண்டி போதும். கடைசி நிரையில் அவள் பெயரை அடித்துவிட்டு அந்தப் பட்டியலில் எழுதினேன். பென்சிலால் ஒரு கோடு.

மறுநாள் கங்காணி கடைசி நிரைக்கு வேறொரு பெண்ணின் பெயரைச் சொன்னார். நான் எழுதவில்லை. மறுபடியும் சொன்னார். பென்சிலைச் சட்டைப் பையில் போட்டேன். களம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. கங்காணி வெற்றிலையைத் துப்பிவிட்டு ஓர் ஆணின் பெயரைச் சொன்னார். பென்சிலை எடுத்து எழுதினேன்.

அவர் ஆட்களோடு எங்கேயும் போய்விடவில்லை. துரை என்னைக் கூப்பிட்டு எதுவும் கேட்கவில்லை.

புல் எடுக்கும் கூட்டம் என்னைக் கடந்து போனது. அவள் நடுவில் இருந்தாள், கட்டுப் போட்ட கையை மார்போடு அணைத்தபடி. என் பக்கம் திரும்பவில்லை. அதற்குப் பிறகு ஆபீஸ் படியில் யாரும் எதுவும் வைக்கவில்லை.