பிரசிடெண்டுக்கு இரவல் வேர்வை

மகள் கல்யாணப் பத்திரிகைக்காகச் சிவகாசி வந்தவன், அச்சகத்தின் இருபது படி ஏறி, வேர்வையில் தொப்பலாக நனைந்து நிற்கிறேன். மாடியில் பஞ்சாயத்து பிரசிடெண்ட் வேட்பாளர் ஒருவர் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில், மண்வெட்டியோடு போஸ்டருக்குப் போஸ் கொடுக்கிறார். வட்டிக்கடைக்காரராம். எதிர்த்து நிற்பவர் நிஜ விவசாயியாம்.

படமெடுக்கும் செல்வி உதட்டைப் பிதுக்குகிறாள். "அண்ணாச்சி, புது மாப்பிள்ளை மாதிரி இருக்கீக. இதப் பாத்து எவுக ஓட்டுப் போடுவாக?"

அவர் முகம் தொங்குகிறது. செல்வி என் பக்கம் திரும்புகிறாள்.

"சார், ஒங்க சட்டையக் கொஞ்சம் குடுங்களேன்."

"அப்ப நான்?"

"பனியனோட ஃபேனுக்கு அடியில உக்காருங்க."

என் சட்டையை மாட்டியதும் வேட்பாளர் வயலிலிருந்து நேராக வந்தவராகிவிடுகிறார்.

"இப்பத்தான் அண்ணாச்சி, நெசமா ஒழைச்ச ஆளு!"

காற்று சுகமாக இருக்கிறது. அந்த உழைப்பு மொத்தமே இருபது படிதான் என்று நான் சொல்லவில்லை.