ரம்பத்துக்குத் தப்பிய படகு

என் தங்கையின் கணவருக்குப் பல்செட் செய்வது தொழில். பகலெல்லாம் அடுத்தவர் வாய்க்கு அளவெடுத்துப் பொய்ப்பல்லைச் சுரண்டுவார். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் பிசினும் உப்புத்தாளுமாக, ரிமோட்டில் ஓடும் பந்தயப் பாய்மரப் படகு செய்ய உட்கார்ந்துவிடுவார். சாப்பாட்டு மேசை முழுக்கப் படகு. தங்கை தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிடுவாள். நானாக இருந்தால் வீட்டை இரண்டாக்கியிருப்பேன்.

புதிதாக ஒரு படகு முடிந்தால் அதைத் தன் முதல் படகோடு ஓடவிட்டுப் பார்ப்பது அவர் வழக்கம். புதியதை அவர் ஓட்டுவார், பழையதைத் தங்கை ஓட்டுவாள். பழசையே முந்தாத படகு எதற்கு என்று, தோற்ற இரண்டைக் குப்பையில் போடச் சொல்லி அவளிடம் கொடுத்துவிட்டார். எட்டு மாதம் இழைத்த மூன்றாவது புதுப் படகுக்கு அன்று சோதனை. ஏரிக்கரைக்கு ரம்பத்தையும் கையோடு கொண்டுவந்திருந்தார்.

"இதுவும் தோத்தா இங்கயே அறுத்துடுவேன் மச்சான். படகு கட்டுற ஆசையும் இன்னையோட சரி."

சொன்னால் செய்துவிடுகிற மனிதர்.

மிதவையைச் சுற்றிக்கொண்டு கரைக்குத் திரும்ப வேண்டும். ஐந்து முறை ஓட்டினார்கள். ஐந்து முறையும் பழையதுதான் முந்தியது. மாப்பிள்ளை பேயறைந்த மாதிரி நின்றார். பிறகு குனிந்து ரம்பத்தை எடுத்தார்.

"இருங்க மாப்ளே, ஒரே ஒரு தடவ ரிமோட்ட மாத்திக்கிட்டு ஓட்டுங்க!" என்று கத்தினேன். பெரிய யோசனையெல்லாம் இல்லை. அவர் கையிலிருந்து ரம்பம் இறங்க வேண்டும், அவ்வளவுதான்.

மாற்றிக்கொண்டார்கள். தங்கை கைக்கு வந்த புதுப் படகு சுற்றி முடித்துக் கரைக்கே வந்துவிட்டது. அவருடைய பழசு மிதவையிடம் தடுமாறிக்கொண்டிருந்தது. அப்போதுதான் இருவர் கையையும் பார்த்தேன். தங்கை தண்ணீரில் காற்று வருவதைப் பார்த்து ஒருமுறை திருப்பிவிட்டுச் சும்மா இருந்தாள். அவர் கை சும்மா இருக்கவே இல்லை. பல்லைச் சுரண்டுகிற மாதிரி சுக்கானை இப்படியும் அப்படியும் அசைத்துக்கொண்டே இருந்தார்.

கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். பொத்தென்று புல்லில் உட்கார்ந்து சிரித்தார். கண் கலங்கியிருந்தது.

"படகுல ஒண்ணும் இல்ல மச்சான்! எல்லாக் கோளாறும் என் கையிலதான்!"

தன் குறையை இவ்வளவு சந்தோஷமாக ஒப்புக்கொண்டவரை நான் பார்த்ததில்லை. எனக்கும் போன உயிர் திரும்பி வந்தது.

திடீரென்று அவர் சிரிப்பு நின்றது. "அப்போ... நான் தூக்கிப் போட்ட அந்த ரெண்டும் நல்ல படகுதானா?"

"பரண்ல இருக்குங்க, போர்வைக்குப் பின்னாடி," என்றாள் தங்கை.

"குப்பையில போடச் சொன்னேனே?"

"சொன்னீங்க," என்றவள், புதுப் படகை மடியில் வைத்து ஈரம் துடைக்க ஆரம்பித்தாள்.