காற்றுப் பார்த்து நிற்பவர்

நாமக்கல் வட்டாரக் கோழிப்பண்ணைகளில் எருவை அள்ளித் தோட்டங்களில் கொண்டுபோய்க் கொட்டுவது தங்கசாமியின் தொழில். லாரியும் சொந்தம், நாற்றமும் சொந்தம் என்பார். எங்கே போனாலும் ஒரு சிட்டிகை மண்ணை உதிர்த்து, காற்று எந்தப் பக்கம் போகிறதென்று பார்த்து, யார்மேலும் வாடை படாத இடத்தில்தான் லாரியை நிறுத்துவார். டீக்கடை ஆனாலும் கல்யாண மண்டபம் ஆனாலும் அப்படித்தான்.

மகள் மதுமதி விடுதிப் பள்ளியில் படித்தபோது, "அப்பா, கேட்டுக்குள்ள வராதீங்க" என்று ஒருமுறை சொல்லிவிட்டாள். சின்னப் பிள்ளை சொன்னது. அவள் மறந்திருக்கலாம், மனுஷன் மறக்கவில்லை. அன்றிலிருந்து, குளித்து வெள்ளை வேட்டி கட்டி வந்தாலும், அவள் சிநேகிதிகள் இருக்கும் இடத்தில் லாரிக்குப் பார்த்த காற்றைத் தனக்கும் பார்க்க ஆரம்பித்தார்.

நர்சிங் முடித்தவள் சேலம் சூரமங்கலத்தில் கௌசியா என்ற டீச்சரிடம் ஜெர்மன் படித்தாள். ஜெர்மனியிலேயே வேலையும் கிடைத்தது. கிளம்புகிற வாரம் அப்பாவுக்குச் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்.

"ஏனுங்கப்பா, மிஸ்ட்னு ஒரு வார்த்தை. இங்கிலீஷ்ல அது கொல்லிமலையில எறங்குற பனிமூட்டம். ஜெர்மன்ல உங்க லாரியில இருக்கறது."

"எருவா?"

"ஆமாங்கப்பா. காரியம் கெட்டுப்போனா மிஸ்ட்டுனு திட்டிக்குவாங்க. யாராச்சும் ஒளறுனாலும் அதையேதான் சொல்லுவாங்களாம்."

தங்கசாமி சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். "நல்லதுக்கு ஒருத்தரும் சொல்றதில்லியா, சாமி?"

"இருக்குதுங்கப்பா. சொந்தமா யோசிச்சுச் செஞ்சா, 'இது என்ற சொந்த எருவுல மொளைச்சது'ம்பாங்களாம்."

சிரித்துவைத்தார். உள்ளே கிடந்து அரித்தது வேறு கேள்வி. அப்பா என்ன செய்கிறார் என்று ஜெர்மனிக்குக் கூடப் போகிற பெண்கள் கேட்டிருந்தால் இவள் என்ன சொல்லியிருப்பாள்? கேட்க அவருக்கு வாய் வரவில்லை.

சேலம் ஜங்ஷனில் அந்தப் பெண்களும் அவர்கள் வீட்டாருமாக ஒரே கூட்டம். பெட்டியை ஏற்றிக் கொடுத்தவர், "பத்தரமாப் போயிட்டு வா சாமி" என்றார். பிறகு மெல்ல நழுவி, காற்றைப் பார்த்து, வண்டி போகிற திசையில் நடைமேடையில் வெகுதூரம் தள்ளிப் போய் நின்றுகொண்டார். பெற்ற மகளை வழியனுப்பக்கூட எட்டி நிற்கிற மனுஷனை என்ன சொல்வது!

ரயில் நகர்ந்தது. ஜன்னல்கள் ஒவ்வொன்றாகக் கடந்தன. ஒரு வாசலில் கம்பியைப் பிடித்தபடி மதுமதி, பின்னால் அவள் தோழிகள். கூட்டத்தில் அவரைத் தேடித் தேடி அழுதிருந்தாள்.

"அங்க நிக்கறாரு பாருங்கடி, எங்கப்பா!" என்று கத்தினாள். "கோழி எரு லாரி ஓட்டுறாருன்னு எப்பவும் சொல்லுவேனே, அவருதான்!"

தோழிகள் எல்லோரும் கையாட்டினார்கள். தங்கசாமி வேட்டியை மடித்துக்கட்டி, நடைமேடை முடிகிற மட்டும் ரயிலோடு ஓடினார். காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று அன்றைக்கு அவர் பார்க்கவில்லை.