பீரோவுக்குள் போன சாசர்கள்

என் மாமனார் டீயைக் கப்பில் குடிக்க மாட்டார். சாசரில் ஊற்றி, ஊதி, சுர்ரென்று உறிஞ்சுவார். அரியலூரில் எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அந்தச் சத்தம்தான் காலை அலாரம்.

நாத்தனாரைப் பெண் பார்க்கக் குரும்பலூரிலிருந்து வருகிறார்கள் என்று தெரிந்ததும் அத்தை முதல் வேலையாகச் சாசர்களை எடுத்து பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் வைத்தார்.

"மாப்பிள்ளையோட அம்மா டீச்சராம். அவங்க முன்னாடி உறிஞ்சுனீங்க, என் பொண்ணு கல்யாணம் அவ்வளவுதான்."

"அப்ப எதுல குடிக்கிறதாம்?"

"மனுசங்க மாதிரி கப்புல குடிங்க."

நான் சிமெண்ட் ஆலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். எதையும் எண் போட்டுச் சொன்னால்தான் எனக்குத் திருப்தி. படித்து வைத்திருந்ததை மாமாவிடம் வரிசையாகச் சொன்னேன். ஒன்று, சீனாவில் டீக் கப்புக்குக் காது கிடையாது. இரண்டு, ஐரோப்பாவுக்குப் போன பிறகுதான் அதற்குக் காது முளைத்தது. மூன்று, சாசர் என்பது ஆதியில் சாஸ் ஊற்றி வைக்கிற தட்டு. நான்கு, வெள்ளைக்காரர்களே ஒரு காலத்தில் டீயை அதில் ஊற்றி ஆற்றித்தான் குடித்தார்கள்.

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். "கேட்டியா? நான்தான் மொறையா குடிக்கிறேன்."

"அவரே ஆடுவாரு, நீ வேற சலங்கை கட்டி விடுறியா?" என்றார் அத்தை என்னிடம். சாசர்கள் பீரோவிலேயே இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். பேச்சு நன்றாகத்தான் போனது. நாத்தனார் எல்லோருக்கும் கொதிக்கக் கொதிக்க டீ கொடுத்துவிட்டு உள்ளே வந்து என்னருகில் நின்றாள்.

எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பிடிக்காவிட்டால் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். பெண் வீட்டில் எதையும் வாயில் வைக்காமல் எழுந்து போய்விடுவார்கள். மாப்பிள்ளையின் அப்பா கப்பைத் தொடவில்லை. அவர் தொடாததால் டீச்சரம்மாவும் பையனும் தொடவில்லை.

"புடிக்கலையா அண்ணி?" என்று நாத்தனார் என் காதில் கேட்டாள். பையனை அவளுக்கு ஏற்கெனவே பிடித்துவிட்டது.

கதவிடுக்கில் பார்த்தேன். மாப்பிள்ளையின் அப்பா கப்பைத் தூக்கினார். உதடு சுட்டது. கண்கள் மேசையில் எதையோ தேடின. டீச்சரம்மா முறைத்தார். கப் கீழே இறங்கியது. அந்த முறைப்பு எனக்குப் புதிதில்லை. எங்கள் வீட்டில் தினமும் காலையில் நடப்பது.

பீரோவைத் திறந்தேன். கூடத்துக்குப் போய் ஆளுக்கொரு சாசர் வைத்தேன். அத்தை பார்த்த பார்வையில் சூளையே இல்லாமல் சுண்ணாம்புக்கல் வெந்திருக்கும்.

மாப்பிள்ளையின் அப்பா மனைவி இருந்த பக்கம் திரும்பவே இல்லை. ஊற்றினார். ஊதினார். சுர்ர்.

எதிரில் மாமாவிடமிருந்து இன்னொரு சுர்ர்.

"வூட்லயே படிச்சுப் படிச்சு சொல்லித்தான் கூட்டியாந்தேன்," என்று டீச்சரம்மா நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"நானுந்தான் சொன்னேங்க. கேட்டாத்தானே!" என்றார் அத்தை.

"டீ பிரமாதம், சம்பந்தி," என்றார் மாப்பிள்ளையின் அப்பா, மாமாவைப் பார்த்து.

சம்பந்தி என்ற சொல்லை யாரும் சும்மா சொல்வதில்லை. நான் உள்ளே வந்ததும் நாத்தனார் என் கையைப் பிடித்துக் கிள்ளிய தடம் மறுநாளும் இருந்தது.

அவர்கள் போன பிறகு பாத்திரம் கழுவப் போனேன். ஒரு சாசர்கூட டீ படாமல் இல்லை. டீச்சரம்மாவுடையதிலும் டீ, அத்தையுடையதிலும் டீ.