நாற்பது நீளத்தில் நாலு போல்ட்

போல்ட்டுக்கடைக்காரர் மூன்றாம் வகுப்புக்குப் பிறகு பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்கியதில்லை. பதினோரு வயதில் பழைய இரும்புக் கடையில் சேர்ந்தார். லாரி கொட்டிவிட்டுப் போகும் குப்பையிலிருந்து போல்ட்டையும் நட்டையும் பொறுக்கி, அளவு பிரித்து, டப்பாவில் போடவேண்டும். ஆறு வருஷம் அதுதான் வேலை. ஏழாவது வருஷம், கண்ணைக் கட்டிவிட்டால்கூட விரல் பட்டதும் ஆறா எட்டா பத்தா, மரை நெருக்கமா அகலமா என்று சொல்லிவிடுவார். படித்தவன் அளந்து பார்த்துவிட்டு வந்து, ஆமாம் சரிதான் என்று தலையாட்டுவான். அந்தக் கையை நம்பித்தான் கடை போட்டார், வீடு கட்டினார், பெண்ணைக் கரையேற்றினார். எவனிடமும் போய்த் தலையைச் சொறிந்து நின்றது கிடையாது.

கடையில் நூற்றுப் பன்னிரண்டு இழுப்பறைகள். ஒன்றிலும் பெயர் எழுதி ஒட்டவில்லை. ஒட்டவேண்டிய அவசியமும் வரவில்லை.

கேட்டதை எடுத்து நீட்டுகிறவன் கடைக்காரனே இல்லை என்பது அவர் கட்சி. நாலு போல்ட் வேண்டும் என்று யார் வந்து நின்றாலும் முதலில் கேள்விதான் கிடைக்கும். எதில் முடுக்கப் போகிறீர்கள், ஓட்டை எவ்வளவு ஆழம், நடுவில் வரும் தகடு என்ன தடிமன். சுவர் என்றால் இன்னொன்று: அது என்ன சுவர். பதில் தெரியாதவரை வெறுங்கையோடு திருப்பி அனுப்புவார். பேனா ரீஃபிலை ஓட்டைக்குள் விட்டு, நகத்தை வைத்து அடையாளம் பிடித்துக்கொண்டு வா என்பார். முணுமுணுத்துக்கொண்டே போவார்கள். போனவர்கள் அத்தனை பேரும் திரும்பி அவர் கடைக்குத்தான் வந்திருக்கிறார்கள்.

இப்படிப்பட்டவருக்கு ஒரே இடத்தில்தான் மதிப்பு முழுசாகக் கிடைக்கவில்லை. அது மாமனார் வீடு.

மாமனாருக்கு இரண்டு பெண்கள். மூத்தவளை இவருக்குக் கொடுத்தார். அப்போது கடை ஒரு பெஞ்சு அகலம்தான். எட்டு வருஷம் கழித்து இளையவளுக்கு ஆபீஸ் மாப்பிள்ளை பார்த்தார். அந்தச் சகலை உண்மையில் தலைமை குமாஸ்தா. ஆனால் மாமனார் வீட்டில் அவருக்குப் பெயர் ஆபீசர். ஆபீசர் வந்தால் கை வைத்த நாற்காலி முன்னால் வரும். கடைக்காரர் வந்தால், "வாங்க மாப்பிள்ளை, அந்தக் குழாய் ராத்திரியெல்லாம் சொட்டுது" என்ற பேச்சு வரும். உட்காருவதற்கு முன்பே ஸ்பேனரை எடுக்கவேண்டியதுதான்.

அவருக்கு அதில் எரிச்சலும் உண்டு, ஒரு பெருமையும் உண்டு. அந்த வீட்டின் கதவுக் கீல், ஜன்னல் கொக்கி, மின்விசிறி, குளியலறைத் தட்டு எல்லாம் அவர் கை பட்டவை. முப்பது வருஷமாக அந்த வீட்டுச் சுவரில் வேறு எவனும் ஒரு ஆணி அடித்ததில்லை. நாற்காலி அவனுக்குப் போகட்டும், சுவர் எனக்குத்தான் என்று மனசைத் தேற்றிக்கொண்டு காலம் தள்ளினார்.

அந்தச் சுவருக்குத்தான் இப்போது ஆபத்து வந்தது. மாமனாருக்கு இடுப்பு எலும்பு முறிந்து, நடமாட்டம் கட்டிலோடு நின்றுவிட்டது. அவருக்காக ஆபீசர் ஐம்பத்தைந்து அங்குல டிவி வாங்கி இறக்கினார். கட்டிலுக்கு எதிரே, கால்மாட்டுச் சுவரில் மாட்டப் போகிறாராம். அதையும் தானே மாட்டப் போகிறாராம். போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டாராம். இத்தனை ‘ராம்’களையும் கடைக்காரரின் மனைவி சோறு போட்டுக்கொண்டே சொன்னாள். தங்கச்சி வீட்டுக்காரருக்கு அப்பா மேல் எவ்வளவு அக்கறை பாருங்கள் என்றும் ஒரு வார்த்தை சேர்த்தாள். கடைக்காரர் மோரைக் கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டார். சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை கடை திறந்த கையோடு ஆபீசர் வந்து நின்றார். சட்டையில் கஞ்சி மடிப்பு.

"அண்ணே, எட்டு எம்எம்ல நாலு போல்ட். நாப்பது நீளம்."

கடைக்காரர் ஆபீசரின் முகத்தைப் பார்த்தார். டிவி முதுகில் இருக்கும் ஓட்டை இருபது ஆழத்துக்கு மேல் போகாது; அவர் பார்க்காத டிவியா. டிவியை மாட்டும் இரும்புத் தகடு மூன்று, வாஷர் ஒன்று. இருபத்திரண்டு நீளமே தாராளம். நாற்பதை முடுக்கினால் நுனி அடியில் போய் முட்டும். இன்னும் இறுகவில்லை என்று தெரியாதவன் மேலும் முடுக்குவான். உள்ளே தகடு வளையும், திரையில் கறுப்பாக ஒரு கோடு ஓடும், டிவி குப்பைக்குப் போகும். ஒரு கேள்வி கேட்டால் போதும், எல்லாம் நின்றுவிடும்.

நாக்கு நுனிவரை வந்த கேள்வியை அவர் விழுங்கினார். அறுபத்து மூன்றாவது இழுப்பறையைத் திறந்து, நாலை எண்ணி, காகிதத்தில் மடித்து நீட்டினார். ஆபீசரே கொஞ்சம் திகைத்துவிட்டார்.

"என்னண்ணே, ஒண்ணுமே கேக்கலை?"

"உங்களுக்குத் தெரியாததா தம்பி."

ஆபீசருக்கு முகமெல்லாம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியைக் காணச் சகிக்காமல் கடைக்காரர் துணியை எடுத்துக் கல்லாப் பெட்டியைத் துடைக்க ஆரம்பித்தார்.

அன்றைக்கு வியாபாரத்தில் புத்தி நிற்கவில்லை. பத்தரை மணிக்கு, இப்போது டிவியைத் தரையில் போர்வை விரித்துக் கவிழ்த்துப் போட்டிருப்பான் என்று நினைத்தார். பதினொன்றுக்கு, இப்போது முதல் போல்ட் முட்டியிருக்கும் என்று நினைத்தார். அப்புறம் போன் வரும். ஐயோ, கொஞ்சம் வந்து பாருங்க என்பாள் மனைவி. அவள் காலையிலேயே அங்கே போயிருந்தாள். இவர் உடனே போகமாட்டார். கடையில் ஆள் நிற்கிறார்கள் என்பார். அரைமணி கழித்து, ஸ்பேனரை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒன்றும் பேசாமல் உள்ளே நுழைவார். மாமனார், இதுக்குத்தான் பெரிய மாப்பிள்ளையைக் கூப்பிடணும்கிறது என்பார். அந்த ஒரு வாக்கியத்தை அவர் மனசுக்குள் நாலைந்து விதமாகச் சொல்லிப் பார்த்தார். வாடிக்கையாளர் ஒருவருக்கு நட்டுக்குப் பதில் வாஷரை எடுத்துக் கொடுத்தார். அவர் வாழ்க்கையில் அப்படி நடந்ததே கிடையாது.

பன்னிரண்டு மணிக்குப் போன் வந்தது.

"ஏங்க, மாட்டியாச்சு. அப்பா படுத்த வாக்குலயே பாக்குறாரு. படம் அப்படியே கண்ணாடியாட்டம் இருக்கு. வந்து பாருங்களேன்."

கடைக்காரருக்கு வயிற்றில் யாரோ அடுப்பை மூட்டியதுபோல் இருந்தது. நாற்பது எப்படி உள்ளே போகும்? அவர் ஷட்டரை இழுத்துவிட்டார். துக்கத்துக்குத் தவிர நடுப்பகலில் இறங்காத ஷட்டர் அது. இரண்டு தெரு தாண்டி மாமனார் வீட்டுக்கு நடந்தார்; ஓடினார் என்றும் சொல்லலாம்.

டிவி சுவரில் நின்றது, கோணல் இல்லாமல். மாமனார் தலையணையில் சாய்ந்திருந்தார். கை வைத்த நாற்காலியில் ஆபீசர். மாமனார் இவரைப் பார்த்து, "சின்ன மாப்பிள்ளை வேலையைப் பாத்தீங்களா" என்றார். கடைக்காரர் சிரிப்பு மாதிரி ஒன்றை முகத்தில் வைத்துக்கொண்டு, பக்கவாட்டில் போய்க் கன்னத்தைச் சுவரில் ஒட்டி டிவியின் முதுகைப் பார்த்தார்.

முதுகு சமமாக இல்லை; நடுவில் குழிந்திருந்தது. குழிவைச் சரிக்கட்ட, டிவிப் பெட்டியிலேயே வந்த பிளாஸ்டிக் குழல்களைத் தகட்டுக்கும் டிவிக்கும் நடுவில் வைத்திருந்தார் ஆபீசர். குழல் பதினெட்டு. தகடு மூன்று. வாஷர் ஒன்று. உள்ளே பதினெட்டு. நாற்பது, மயிரிழை பிசகாமல் நாற்பது. ரீஃபிலை விட்டு நகத்தால் அடையாளம் பிடித்து அளந்ததாக ஆபீசர் பின்னாலிருந்து விளக்கிக்கொண்டிருந்தார். தன் வித்தை, தன் கடைப் போல்ட், பேர் மட்டும் இன்னொருவனுக்கு. காலையில் வாயைத் திறந்து ஒரு கேள்வி கேட்டிருந்தால் அந்தக் குழலைப் பற்றித் தெரிந்திருக்கும், பெயரிலும் பாதி வந்திருக்கும்.

கன்னத்தை எடுக்கப் போனவர் அப்படியே நின்றார். சுவரில் முடுக்கியிருந்த மேல் திருகாணியின் கீழே, பொடிப்பொடியாகப் புதுத் தூள். சுவர்த் தகட்டின் மேல்விளிம்புக்கும் சுவருக்கும் நடுவில் நூல் கனத்துக்கு இடைவெளி. விரல் முட்டியால் பக்கத்தில் தட்டினார். டொக்கென்று காலிப் பானைச் சத்தம்.

இந்தச் சுவர் பிற்பாடு வைத்தது. பெரிய அறையை இரண்டாகப் பிரிக்க, உள்ளே பொத்தலான சிமெண்டுக் கல்லை வைத்துக் கட்டினார்கள். அந்தக் கல்லைத் தோளில் சுமந்துகொண்டு வந்து போட்டவர் புது மாப்பிள்ளையான இவர்தான். அதில் திருகாணிக்குச் சாதாரண பிளாஸ்டிக் பிளக்கைப் போட்டால், பிடிக்கச் சதை ஏது. இருபது கிலோ டிவி அந்தக் கல்லின் மெல்லிய ஓரத்தைக் கடித்துக்கொண்டு நிற்கிறது. கீழே மாமனாரின் கால்கள்.

"தம்பி, இதை இறக்கணும்" என்றார்.

 சொன்னது என்ன என்று அறையில் இருந்தவர்கள் யோசிக்கவில்லை. ஏன் சொன்னார் என்றுதான் யோசித்தார்கள். அது எல்லார் முகத்திலும் தெரிந்தது. மனைவிதான் வாயைத் திறந்தாள்.

"ஏங்க, ஒரு நாளாவது அவரு செஞ்சதை நல்லா இருக்குன்னு சொல்ல மனசு வராதா உங்களுக்கு?"

ஆபீசர் எழுந்து வந்து, திருகாணிகள் எல்லாம் கல் மாதிரி இறுகியிருப்பதாக மரியாதையாகச் சொன்னார். வேண்டுமானால் அண்ணனே முடுக்கிப் பார்க்கலாம் என்றார். மாமனார் சலித்துக்கொண்டு, விடுங்க மாப்பிள்ளை, படம் ஓடட்டும் என்று திரையைப் பார்க்கத் திரும்பினார்.

கடைக்காரர் கட்டிலின் கால்மாட்டில், டிவிக்கும் அந்தக் கால்களுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டார். திரையை மறைத்துக்கொண்டு நின்ற அவரை எல்லாரும் பார்த்தார்கள்.  முப்பது வருஷமாக அந்த வீட்டில் கட்டிக் காத்த கெத்து அத்தனையும் அந்த நிமிஷம் போய்விடும் என்று தெரிந்தேதான் பேசினார்.

"பொறாமைதான். இல்லேன்னு சொல்லலை. காலையில தம்பி வந்து கேட்டப்ப, நாப்பது முட்டும், டிவி உடையட்டும்னுதான் வாயை மூடிக்கிட்டு எடுத்துக் குடுத்தேன். போல்ட் சரியாத்தான் இருந்துச்சு, நான்தான் தப்பு. அதுக்கு என்னை என்ன வேணா சொல்லுங்க. ஆனா இந்தச் சுவர் உள்ள காலி. கல்லைச் சுமந்தவன் நான். மாமா காலு மேல விழும். இறக்குங்க."

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.  ஆபீசர் சுவர்த் தகட்டின் பூட்டுப் போல்ட்டைக் கழற்றிவிட்டு டிவியின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். இவர் மறு பக்கத்தைப் பிடித்தார். டிவியைத் தூக்கித் தரையில் விரித்த போர்வையில் வைத்துவிட்டு, ஆபீசர் சுவரிலிருந்த தகட்டை லேசாக இழுத்தார். மேல் திருகாணி இரண்டும் பிளக்கோடு, வெண்ணெயிலிருந்து வருவதுபோல் கையோடு வந்துவிட்டன. ஆபீசரின் கஞ்சிச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

கடைக்காரர் திரும்பக் கடைக்குப் போய், ஓட்டை வழியாக உள்ளே போனதும் குடைபோல விரிந்து சுவரின் பின்பக்கத்தைப் பற்றிக்கொள்ளும் போல்ட்டுகளைக் கொண்டுவந்தார். வரும்போது ஒரு நினைப்பு இருந்தது: டிரில்லைத் தன்னிடம் கொடுப்பார்கள் என்று. கொடுக்கவில்லை. டிரில் ஆபீசருடையது, அவர் கையிலேயே இருந்தது. எங்கே, எவ்வளவு அகலமாகத் துளைக்கவேண்டும் என்று இவர் சொன்னார், அவர் துளைத்தார். தகட்டை இருவரும் தொங்கி இழுத்துப் பார்த்தார்கள். அசையவில்லை.

 டிவியைத் திரும்ப மாட்டும்போதுதான் மாமனார் கேட்டார்.

"நெசமாவே உடையட்டும்னா நெனச்சீங்க?"

"ஆமா மாமா."

"உடைஞ்சிருந்தா?"

"என்னைக் கூப்பிட்டிருப்பீங்க."

கிழவர் சிரித்தாரா இருமினாரா தெரியவில்லை. இடுப்பு வலித்து முகம் சுளித்தது மட்டும் தெரிந்தது. பிறகு, "சின்ன மாப்பிள்ளை, பாத்து, கை கிய் வலிக்கப் போவுது" என்றார்.

கனமான பக்கத்தைத் தோளில் தாங்கிக்கொண்டிருந்தவர் கடைக்காரர். காதில் விழுந்ததும் வயிறு பழையபடி பற்றிக்கொண்டு எரிந்தது. "இன்னும் ரெண்டு சுத்து, தம்பி. அவசரப்படாதீங்க" என்று ஆபீசரிடம் சொல்லிவிட்டு, பூட்டுப் போல்ட் கடைசிவரை இறுகும்வரை தோளை அசைக்காமல் நின்றார்.